ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, நிரலுக்கு ஏன் தெரியவில்லை? வொர்க்கிங் டைரக்டரி பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆர் மொழியோ பைத்தானோ கற்க உட்காரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே வந்து சேரும் எரர் ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் மழை.சிஎஸ்வி என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஐகான் கண்ணுக்குத் தெரிகிறது. டபுள் கிளிக் செய்தால் எக்செலில் திறக்கிறது. அதே பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் நிரலில் எழுதி ஓட்டினால், "அப்படியொரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை" என்று சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். "ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டர்லயே ஃபைலைப் போடு." "முதல் வரியில செட்-டபிள்யூடி எழுது." "மூடிட்டுத் திரும்பத் திற." இவை ஒவ்வொன்றும் சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. ஏன் பலித்தது என்று யாரும் சொல்லாததால், கற்பவர் அதை ஒரு மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டு, பலிக்காத நாளில் தனக்கு நிரல் எழுத வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நிரலாக்கத்தின் கடினமான பகுதிகள் பல இருக்க, அரை மணி நேரத்தில் விளங்கிவிடக்கூடிய ஒன்றில் ஆட்கள் மனம் உடைந்து போகக்கூடாது.

ஆர், பைத்தான் இரண்டையும் வைத்தே விளக்குகிறேன். மேட்லாப் போன்றவற்றிலும் அடிப்படை இதுதான். கட்டளைகளின் பெயரை வாசிக்க வசதியாக நடுவில் சிறு கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். தட்டும்போது கோடு இல்லாமல் சேர்த்துத் தட்ட வேண்டும்.

## வழி கேட்பவர் எங்கே நிற்கிறார்?

உங்கள் வீட்டுக்கு முதன்முறை வரும் உறவினர் போன் செய்கிறார். "வீடு எங்கப்பா இருக்கு?" இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று முழு முகவரியைச் சொன்னால், அவர் எந்த மூலையில் நின்றாலும் அது ஒரே வீட்டைத்தான் காட்டும். "நேரா வந்து இடது பக்கம் மூணாவது வீடு" என்றும் சொல்லலாம். இது சுருக்கம். ஆனால் அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாரா, பிள்ளையார் கோயில் முக்கில் நிற்கிறாரா என்பதைப் பொறுத்து அந்த மூன்றாவது வீடு மாறிவிடும். அதனால்தான் வழி சொல்வதற்கு முன்னால், "இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஃபைலின் இருப்பிடத்தைச் சொல்வதும் இப்படித்தான் இரண்டு வகை. இருப்பிடத்தைச் சொல்லும் எழுத்துத் தொடருக்குப் பாதை என்று பெயர். முழு முகவரி போன்றது முழுப் பாதை. விண்டோஸில் அது டிரைவின் எழுத்தில் தொடங்கும்:

சி:/யூசர்ஸ்/அட்மின்/டெஸ்க்டாப்/மழை.சிஎஸ்வி

லினக்ஸிலும் மேக்கிலும் அது ஒரு சாய்கோட்டில் தொடங்கும். நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வது சார்புப் பாதை. வெறும் "மழை.சிஎஸ்வி" என்பது ஒரு சார்புப் பாதை. "தரவு/மழை.சிஎஸ்வி" என்றால் இங்கே தரவு என்ற ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள் போ என்று பொருள். இரண்டு புள்ளி வைத்து "../மழை.சிஎஸ்வி" என்றால் ஒரு படி மேலே ஏறிப் பார் என்று பொருள்.

சார்புப் பாதையைக் கணக்கிட "இங்கே" என்று எடுத்துக்கொள்ளப்படும் ஃபோல்டர்தான் வொர்க்கிங் டைரக்டரி.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றிவிட வேண்டும். "மழை.சிஎஸ்வி-யைத் திற" என்று சொன்னால் கணினி டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் என்று வரிசையாகப் போய்த் தேடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கும் தேடுவதில்லை. நிற்கும் இடத்தின் பாதையோடு நீங்கள் கொடுத்த பெயரைச் சேர்த்து ஒரே ஒரு முழுப் பாதையாக்கும். அந்த ஒரே இடத்தில் பார்க்கும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். "அப்படியொரு ஃபைல் இல்லை" என்ற எரரை "நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அப்படியொரு ஃபைல் இல்லை" என்று படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதுவரை பார்த்தது: முழுப் பாதை எங்கிருந்தும் ஒரே ஃபைலைக் காட்டும். சார்புப் பாதை, நிற்கும் ஃபோல்டரோடு ஒட்டப்பட்ட பிறகே பொருள் பெறும். கணினி தேடுவதில்லை, ஒட்டிப் பார்க்கிறது.

## சரி, நிற்பது யார்?

பல விளக்கங்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கணினி ஓர் இடத்தில் நிற்பதுபோல நானும் மேலே எழுதினேன். உண்மையில் கணினி முழுவதற்கும் அப்படி ஒரே இடம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி இடம் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ப்ராசஸ் என்பார்கள். வட்டில் சும்மா கிடக்கும் ஃபைல் ப்ராசஸ் ஆகாது. அதை இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றி ஓட்டத் தொடங்கினால்தான் ப்ராசஸ். ஒவ்வொரு ப்ராசஸைப் பற்றியும் இயங்குதளம் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அதன் எண் என்ன, எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது, எந்த ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறது, இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறது. இந்தக் கடைசிப் பதிவுதான் வொர்க்கிங் டைரக்டரி. லினக்ஸில் இதை நேரில் பார்க்கலாம். ப்ராக் என்ற சிறப்பு ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ப்ராசஸின் எண்ணிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் சிடபிள்யூடி என்ற பெயரில், அந்த ப்ராசஸ் நிற்கும் இடத்தைச் சுட்டும் ஓர் இணைப்பு இருக்கும்.

ஆக, வொர்க்கிங் டைரக்டரி என்பது உங்கள் ஸ்கிரிப்டின் குணம் இல்லை, திரையில் திறந்திருக்கும் ஜன்னலின் குணமும் இல்லை. ஓடும் ப்ராசஸின் குணம். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், புதிராகத் தெரியும் பல விஷயங்கள் தாமாக அவிழ்கின்றன.

ஆர் நிரல்களை எழுதி ஓட்டப் பயன்படும் ஆர்ஸ்டூடியோ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மேல் இடப்பக்கம் உங்கள் ஸ்கிரிப்ட் திறந்திருக்கிறது. கீழே, கட்டளையைத் தட்டினால் பதில் தரும் கன்சோல். ஸ்கிரிப்டில் ஒரு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல், என்டர் அழுத்துகிறீர்கள். அப்போது நடப்பது என்ன? அந்த வரியின் எழுத்துகள் கன்சோலுக்கு அனுப்பப்படுகின்றன, நீங்களே அங்கே தட்டியதுபோல. கன்சோலுக்குப் பின்னால் ஓடும் ஆர் ப்ராசஸுக்கு, அந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது, அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யோசிக்கும் வேலையே இல்லை. எனவே ஸ்கிரிப்டும் மழை.சிஎஸ்வி-யும் ஒரே ஃபோல்டரில் தோளோடு தோள் ஒட்டி இருந்தாலும், ஆர் ப்ராசஸ் வேறு ஃபோல்டரில் நின்றால் எரர்தான் வரும். "ஸ்கிரிப்ட் பக்கத்துல ஃபைலைப் போடு" என்ற யோசனை சில நேரம் மட்டும் பலிப்பதன் காரணம் இது.

கட்டளைகளைத் தட்டி நிரல்களை ஓட்டும் ஜன்னலான டெர்மினலிலும் அப்படித்தான். வேறொரு ஃபோல்டரில் இருந்துகொண்டு ஒரு பைத்தான் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டினால், பைத்தான் நிற்கப்போவது டெர்மினல் நின்ற ஃபோல்டரில். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் இல்லை.

ஜூப்பிட்டர் என்ற மென்பொருளில், நிரலைச் செல் எனப்படும் சிறு பெட்டிகளில் எழுதி ஓட்டும் ஃபைலுக்கு நோட்புக் என்று பெயர். இரண்டு நோட்புக் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனிப் பைத்தான் ப்ராசஸ் ஓடும். ஜூப்பிட்டர் உலகில் அதைக் கெர்னல் என்பார்கள். ஒன்றில் இடத்தை மாற்றினால் மற்றதைத் தொடாது. கெர்னலை ரீஸ்டார்ட் செய்தால் பழைய ப்ராசஸ் செத்து, புதியது பிறக்கிறது. மாற்றி வைத்த இடமும் பழையதோடு போய்விடுகிறது.

## 1970-ஐ ஒட்டி நடந்த ஒரு கதை

ஒரு ப்ராசஸ் இன்னொன்றைத் தொடங்கலாம். தொடங்கியதைத் தாய் என்றும் தொடங்கப்பட்டதைச் சேய் என்றும் சொல்வது வழக்கம். சேய் பிறக்கும்போது, வேறெதுவும் சொல்லப்படாவிட்டால், தாய் நின்ற ஃபோல்டரிலேயே நிற்கும். பிறந்த பிறகு அது எங்கே நகர்ந்தாலும் தாயின் இடம் மாறாது.

இந்த விதி எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற மர அமைப்பையும் வொர்க்கிங் டைரக்டரி என்ற எண்ணத்தையும் மல்டிக்ஸ் என்ற முந்தைய இயங்குதளத் திட்டத்துக்காக டேலியும் நியூமேனும் 1965-இல் ஒரு கட்டுரையில் விவரித்திருந்தார்கள். அதன் பிறகு பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 என்ற சிறு கணினியில் யூனிக்ஸின் முதல் வடிவம் உருவானது. அதில் ஒரு ப்ராசஸ் தன்னைப்போல் இன்னொன்றைப் பெற்றெடுக்கும் ஃபோர்க் என்ற வசதியைச் சேர்த்தபோது, அதுவரை ஒழுங்காக வேலை செய்த, இடம் மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யாமல் போனது. ஃபோர்க் எப்படி அதைக் கெடுத்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டதை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

காரணம் மிக நேரானது. புதிய முறையில் ஒவ்வொரு கட்டளையும் தனிச் சேயாக ஓடியது. இடம் மாற்றும் கட்டளையும் சேயாகப் பிறந்து, தன் இடத்தை ஒழுங்காக மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததென்று மறைந்துவிட்டது. தாய் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஒரு கட்டளையை மட்டும் சேயாக ஓட்டாமல், கட்டளைகளை வாங்கும் நிரலே தனக்குள் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள். இன்றும் டெர்மினலில் சிடி என்ற கட்டளை அப்படித்தான் இருக்கிறது.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. ஜூப்பிட்டரிலும், அதுபோன்ற நோட்புக்குகளை இணையத்தில் ஓட்டும் கூகுள் கோலாப்பிலும் இதே சம்பவம் இன்றும் நடக்கிறது. ஒரு செல்லில் ஆச்சரியக்குறி போட்டு, பக்கத்தில் சிடி என்றும் ஒரு ஃபோல்டர் பெயரும் எழுதி ஓட்டுங்கள். எரர் வராது. அடுத்த செல்லில் இடத்தைக் கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆச்சரியக்குறி என்றால் "இதை ஒரு சேய் ப்ராசஸிடம் கொடு" என்று பொருள். சேய் நகர்ந்தது, மறைந்தது. அதற்குப் பதிலாக சதவீதக்குறி போட்டு சிடி எழுதினால் கெர்னல் தானே நகர்கிறது, மாற்றம் நிலைக்கிறது. ஒரு குறியில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று தெரியாமல் திண்டாடுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

## எங்கே தொடங்குகிறது?

யார் தொடங்கி வைக்கிறார்களோ அவர்கள்தான் தொடக்க இடத்தையும் தீர்மானிக்கிறார்கள் என்பதால், ஒவ்வொரு மென்பொருளிலும் இது வேறுபடும்.

ஜூப்பிட்டரில் கெர்னல் வழக்கமாக நோட்புக் இருக்கும் ஃபோல்டரில் தொடங்கும். கோலாப்பில், உங்கள் நோட்புக் கூகுள் டிரைவில் எங்கே இருந்தாலும், கண்டென்ட் என்ற ஃபோல்டரில் தொடங்கும். டிரைவை இணைத்த பிறகும் இடம் தானாக மாறாது. நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் டெர்மினல் வழியாக ஓட்டினால், நீங்கள் திறந்து வைத்திருக்கும் மேல் ஃபோல்டர்தான் தொடக்கம்.

ஆர்ஸ்டூடியோவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சற்று நின்று பார்க்க வேண்டியது. ஆர்ஸ்டூடியோ திறக்கப்படாமல் இருக்கும்போது ஒரு ஸ்கிரிப்டை டபுள் கிளிக் செய்தால், ஆர்ஸ்டூடியோ திறந்து, அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் நிற்கும். ஏற்கெனவே திறந்திருக்கும்போது அதே ஸ்கிரிப்டை டபுள் கிளிக் செய்தால், ஸ்கிரிப்ட் புதிய டேபில் திறக்கும். ஆர் ப்ராசஸ் முன்பு நின்ற இடத்திலேயே இருக்கும். "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை, நான் ஒண்ணுமே மாத்தலை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். அவர் சொல்வது உண்மை. நிரலில் எதையும் மாற்றவில்லை. திறந்த விதம் மாறியிருக்கிறது.

## முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்

எரர் வந்ததும் இடத்தை மாற்றப் போவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நான் எங்கே நிற்கிறேன்? இங்கே என்னென்ன இருக்கின்றன?

ஆர் மொழியில் முதல் கேள்விக்கு கெட்-டபிள்யூடி, இரண்டாவதற்கு லிஸ்ட்.ஃபைல்ஸ். இரண்டுக்கும் பின்னால் வெற்று அடைப்புக்குறி. பைத்தானில் ஓஎஸ் மாட்யூலை இம்போர்ட் செய்துவிட்டு, ஓஎஸ்.கெட்-சிடபிள்யூடி, ஓஎஸ்.லிஸ்ட்-டிர். ஆர்ஸ்டூடியோவில் கன்சோலின் தலைப்பிலேயே நிற்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி நேரம் கட்டளையே தேவைப்படாது.

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இடம் சரியாக இருந்து, பெயர் தவறாக இருப்பதும் அடிக்கடி நடக்கும். விண்டோஸ் தன் இயல்பான அமைப்பில், தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் வால் பகுதியை மறைத்துவிடுகிறது. நீங்கள் மழை.சிஎஸ்வி என்று பெயர் மாற்றியதாக நினைப்பீர்கள். பட்டியலைக் கேட்டால் மழை.சிஎஸ்வி.சிஎஸ்வி என்று வரும். இரண்டாம் முறை டவுன்லோட் செய்திருந்தால் மழை (1).சிஎஸ்வி என்று இருக்கும். இன்னொன்று: விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், கோலாப் ஓடும் லினக்ஸ் அப்படி எடுத்துக்கொள்ளாது. பட்டியலில் காணும் பெயரை அப்படியே காப்பி செய்து ஒட்டுவது நல்லது.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஆரில் செட்-டபிள்யூடி, பைத்தானில் ஓஎஸ்.சேஞ்ச்-டிர் என்று சொல்லப்படும் கட்டளை (எழுதும்போது சி, எச், டிர் என்று மட்டும் சேர்த்து எழுத வேண்டும்). ஆர்ஸ்டூடியோவில் செஷன் மெனுவுக்குள், செட் வொர்க்கிங் டைரக்டரி என்பதில் "டு சோர்ஸ் ஃபைல் லொகேஷன்" என்று ஒன்று இருக்கும். திறந்திருக்கும் ஸ்கிரிப்டின் ஃபோல்டருக்கு ஆரை நகர்த்துவது அது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் பொறி. எக்ஸ்ப்ளோரரிலிருந்து காப்பி செய்யும் பாதையில் பின்சாய்கோடு இருக்கும். ஆரிலும் பைத்தானிலும் மேற்கோள் குறிக்குள் வரும் பின்சாய்கோடு ஒரு சாதாரண எழுத்து இல்லை; "அடுத்து வரும் எழுத்துக்குத் தனிப் பொருள் உண்டு" என்ற அறிவிப்பு. பின்சாய்கோடும் சிறிய என் எழுத்தும் சேர்ந்தால் புதிய வரி. பின்சாய்கோடும் பெரிய யூ எழுத்தும் சேர்ந்தால் யூனிகோட் எண் தொடங்குகிறது என்று பொருள். யூசர்ஸ் ஃபோல்டரின் முதல் எழுத்து பெரிய யூ. எனவே சி டிரைவின் யூசர்ஸ் பாதையை அப்படியே ஒட்டினால், இரண்டு மொழிகளும் ஃபைலைப் பார்க்கவே போகாமல், வரியைப் படிக்கும்போதே எரர் தந்துவிடும். அதற்கும் வொர்க்கிங் டைரக்டரிக்கும் தொடர்பில்லை. எல்லாவற்றையும் முன்சாய்கோடாக மாற்றி எழுதினால் போதும். விண்டோஸிலும் அது செல்லும்.

இதுவரை பார்த்தது: இடம் ப்ராசஸுக்கு உரியது. தொடங்கும் விதம் அதைத் தீர்மானிக்கிறது. எரர் வந்தால் இடத்தையும் பட்டியலையும் முதலில் கேட்க வேண்டும்.

## முதல் வரியில் செட்-டபிள்யூடி எழுதலாமா?

பல பாடங்களும் வகுப்புகளும் இதைத்தான் சொல்லித் தருகின்றன. ஸ்கிரிப்டின் முதல் வரியில் செட்-டபிள்யூடி, அதற்குள் சி:/யூசர்ஸ்/அட்மின்/டெஸ்க்டாப்/திட்டம் என்று முழுப் பாதை. அன்றைக்கு எரர் போய்விடும். நான் இதை எதிர்க்கிறேன்.

அந்த வரி உலகத்தில் ஒரே ஒரு கணினியில், அதுவும் இன்றைய நிலையில் மட்டும்தான் உண்மை. ஸ்கிரிப்டைத் தோழிக்கு அனுப்பினால் அவர் கணினியில் அட்மின் என்ற யூசர் இருக்காது. முதல் வரியிலேயே நின்றுவிடும். அனுப்பவே வேண்டாம், ஃபோல்டரின் பெயரை நீங்களே மாற்றினாலும் போதும். விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கினால், டெஸ்க்டாப்பின் உண்மையான பாதை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். திரையில் எதுவும் மாறியதுபோல் தெரியாது, ஸ்கிரிப்ட் மட்டும் ஓடாது. ஆர் உலகில் நன்கு அறியப்பட்ட ஜென்னி பிரையன் 2017-இல் இதை எதிர்த்துக் கடுமையாகவே பேசினார். அப்படி முதல் வரி எழுதினால் உங்கள் அலுவலகத்துக்கே வந்து கணினிக்குத் தீ வைப்பேன் என்று வேடிக்கையாக அவர் விடுத்த மிரட்டல் ஆர் பயன்படுத்துபவர்களிடையே பிரபலம்.

நோட்புக்கில் இடம் மாற்றுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முதல் செல்லில், ஒரு படி மேலே ஏறு என்று இரண்டு புள்ளி கொடுத்து இடம் மாற்றும் கட்டளையை எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கெர்னல் திட்டம்/நோட்புக்ஸ் என்ற ஃபோல்டரில் தொடங்கியது. செல்லை ஓட்டியதும் திட்டம் ஃபோல்டருக்கு ஏறியது. "தரவு/மழை.சிஎஸ்வி" கிடைத்தது. பிறகு ஏதோ திருத்தம் செய்துவிட்டு, பழக்கத்தில் முதல் செல்லை மறுபடி ஓட்டுகிறீர்கள். கெர்னல் இப்போது திட்டத்துக்கும் மேலே ஏறிவிட்டது. சற்று முன் கிடைத்த ஃபைல் கிடைக்காது. திரையில் நிரல் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஊடாடி வேலை செய்யும் சூழல்களில், அதாவது ஒவ்வொரு வரிக்கும் உடனுக்குடன் பதில் தரும் சூழல்களில், ப்ராசஸ் தொடர்ந்து உயிரோடு இருக்கிறது. நீங்கள் செய்த ஒவ்வொன்றும் அதன் நிலையில் தங்கிவிடுகிறது. அந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளில் ஒன்று நிற்கும் இடம்.

## அப்படியானால் என்ன செய்வது?

ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். தரவு, நிரல், முடிவுகள் எல்லாம் அதற்குள். ப்ராசஸை அந்த ஃபோல்டரின் தலைவாசலில், அதாவது உள் ஃபோல்டர் எதற்குள்ளும் போகாமல், தொடங்குங்கள். நிரலுக்குள் அங்கிருந்து சார்புப் பாதைகளை மட்டும் எழுதுங்கள். ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டு யாருக்குக் கொடுத்தாலும் ஓடும்.

ஆர்ஸ்டூடியோவில் இதற்கென்றே ப்ராஜெக்ட் என்ற வசதி இருக்கிறது. ஃபைல் மெனுவில் நியூ ப்ராஜெக்ட் கொடுத்தால், அந்த ஃபோல்டருக்குள் ஆர்ப்ராஜ் என்று முடியும் ஒரு சிறு ஃபைல் உருவாகும். இனி ஸ்கிரிப்டை டபுள் கிளிக் செய்யாமல், இதை டபுள் கிளிக் செய்து திறங்கள். ஆர் ப்ராசஸ் எப்போதும் அந்த ஃபோல்டரிலேயே பிறக்கும். இரண்டு ப்ராஜெக்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாலும் தனித்தனி ப்ராசஸ்கள், தனித்தனி இடங்கள்.

ஆர் மார்க்டவுன், அதாவது உரையும் நிரலும் கலந்த அறிக்கை, எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். அறிக்கையை உருவாக்கும் நிட் பட்டனை அழுத்தினால் புதிதாக ஓர் ஆர் ப்ராசஸ் தொடங்கி, அந்த அறிக்கை ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் நிற்கும். கன்சோலோ ப்ராஜெக்டின் தலைவாசலில் நிற்கிறது. அறிக்கை உள் ஃபோல்டர் ஒன்றில் இருந்தால், கன்சோலில் ஓடிய பாதை நிட் செய்யும்போது உடையும். ஹியர் என்ற பேக்கேஜ் இதைத் தீர்க்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, ஆர்ப்ராஜ் ஃபைல் போன்ற அடையாளம் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதைத் தலைவாசலாக வைத்து முழுப் பாதையைக் கட்டித் தரும்.

பைத்தான் ஸ்கிரிப்டாக இருந்தால், பாத்லிப் மாட்யூலைக் கொண்டு, ஸ்கிரிப்ட் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அதனிடமே கேட்டு, அங்கிருந்து பாதையைக் கட்டலாம். பைத்தான் இதற்காக, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறியை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயரை, தருகிறது. நோட்புக்கில் அந்த மாறி இருப்பதில்லை. செல்லில் எழுதுவது எந்த ஸ்கிரிப்ட் ஃபைலிலிருந்தும் ஓடுவதில்லை என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. நோட்புக்கில் இடத்தை மாற்றாமல் "../தரவு/மழை.சிஎஸ்வி" என்று பாதையிலேயே ஒரு படி ஏறுவது மேல். எத்தனை முறை ஓட்டினாலும் அது ஒரே ஃபைலைத்தான் காட்டும்.

## எரர் வராத தவறு

இவ்வளவு நேரம் எரர் வரும் நிலையைப் பற்றியே பேசினோம். எரர் வந்தால் உண்மையில் நல்லது. தவறு இருப்பது தெரிந்துவிடுகிறது. என் கவலை எரர் வராத நிலையைப் பற்றியது.

எழுதுவதற்கும் இதே விதிதான். முடிவு.சிஎஸ்வி என்று வெறும் பெயர் கொடுத்துச் சேமித்தால், ப்ராசஸ் நிற்கும் ஃபோல்டரில் அது எழுதப்படும். எழுதும்போது ஃபைல் ஏற்கெனவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே எந்த ஃபோல்டரில் நின்றாலும், எழுத அனுமதி இருந்தால், எரரே வராது. அங்கே அதே பெயரில் வேறொன்று இருந்தால், கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். படிக்கும்போதும் இப்படி ஆகலாம். போன மாதத்து மழை.சிஎஸ்வி டாக்குமெண்ட்ஸில், புதியது ப்ராஜெக்டில். ஆர் தவறுதலாக டாக்குமெண்ட்ஸில் நின்றால் பழையதை எடுத்து, எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வரைபடம் வரைந்து கொடுக்கும்.

ஆர் மொழியில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்றும் உண்டு. வெளியேறும்போது வொர்க்ஸ்பேஸைச் சேமிக்கட்டுமா என்று கேட்குமே, ஆம் என்றால் அப்போதிருந்த மாறிகள் அனைத்தும் ஆர்டேட்டா என்ற மறைந்த ஃபைலாக நிற்கும் ஃபோல்டரில் எழுதப்படும். அடுத்த முறை அதே ஃபோல்டரில் தொடங்கினால் அவை தாமாக ஏறிக்கொள்ளும். மழை என்ற பழைய மாறி ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால், ஃபைலைப் படிக்கும் வரி எரர் தந்ததைக் கவனிக்காமல் அடுத்த வரிகளை ஓட்டினாலும் முடிவு வரும், பழைய தரவில். டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ் போய், ஜெனரல் பகுதியில், தொடங்கும்போது ஆர்டேட்டாவை மீட்பதையும் வெளியேறும்போது சேமிப்பதையும் நிறுத்தி வையுங்கள்.

முக்கியமான ஃபைலைப் படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும், அதன் முழுப் பாதையை அச்சிடும் ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். ஆரில் நார்மலைஸ்-பாத் சார்புப் பாதையை முழுப் பாதையாக்கித் தரும். பைத்தானில் பாத்லிப் தரும் பாதையோடு ரிசால்வ் சேர்த்தால் அதே வேலை நடக்கும். ஃபைலின் கடைசித் திருத்த நேரத்தையும் கூடவே அச்சிட்டால் பழைய பிரதி உடனே பிடிபடும்: ஆரில் ஃபைல்.இன்ஃபோ தரும் தகவல்களில் அந்த நேரமும் இருக்கிறது.